கேபினெட்டுக்குள் சூடு: வாசகர் கேள்வி-பதில்

உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய டெஸ்க்டாப் கணினிகளின் சூடு, சத்தம், கூலர் தேர்வு பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். செலவு கையைக் கடிக்கக் கூடாது என்பது கிட்டத்தட்ட எல்லோரும் போட்டிருந்த நிபந்தனை.

கேள்வி: இன்டெல் கோர் ஐ5-13400 ப்ராசஸரை அதன் பெட்டியிலேயே வந்த கூலரோடு பூட்டியிருக்கிறேன். வீடியோ ரெண்டர் ஆரம்பித்த ஒரு நிமிடத்துக்குள் 98 டிகிரியைத் தொடுகிறது. பெட்டியில் 65 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. நீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பூட்டியது சரியா, மதர்போர்டு எவ்வளவு மின்சாரத்தை உள்ளே விடுகிறது, கேபினெட்டில் காற்று நடமாட்டம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மூன்றுக்கும் செலவு கிடையாது.

முதலில் கூலரின் நான்கு முனைகள். பெட்டிக் கூலரில் திருகு இல்லை. பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்திப் பூட்ட வேண்டும். நான்கில் ஒன்று சரியாக இறங்காமல் நிற்பது அடிக்கடி நடக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் தெரியாது. கேபினெட்டின் பின்பக்க மூடியைக் கழற்றி மதர்போர்டின் முதுகைப் பாருங்கள்: நான்கு துளையிலும் வெள்ளைக் கால்கள் முழுதாக வெளியே வந்து, நடுவில் கருப்பு ஊசி இறங்கி அவற்றை அகட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு முனையில் கருப்பு ஊசி தெரியவில்லை என்றால் அந்த மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே உள்ள தலையை அம்புக்குறித் திசையில் திருப்பினால் பூட்டு விடுபடும். மறுபடி பூட்டும்போது அம்புக்கு எதிர்த்திசையில் இறுதிவரை திருப்பி வைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். ஒருமுறை தூக்கிய கூலரைப் பழைய தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) மேலேயே திரும்ப உட்கார வைக்காதீர்கள். இரு பக்கமும் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

அடுத்து அந்த 65 வாட். அது அடிப்படை வேகத்துக்கான எண். டர்போவில், அதாவது சுமை வரும்போது தானாக ஏறும் வேகத்தில், இதே ப்ராசஸர் 148 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல்லின் வழக்கமான கணக்கில் அந்த உயர்ந்த வரம்பு சுமார் 28 விநாடிக்குத்தான். பிறகு 65க்கு இறங்க வேண்டும். ஆனால் பல மதர்போர்டுகள் வரும்போதே இந்த வரம்பைத் தளர்த்திவிட்டுத்தான் வருகின்றன. ரெண்டர் முழுக்க 100 வாட்டுக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால், சிறிய அலுமினியக் கூலர் என்ன செய்யும்? எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'சிபியு பேக்கேஜ் பவர்' என்ற வரியை ரெண்டர் ஓடும்போது பாருங்கள். ஒரு நிமிடம் கழித்தும் எண் இறங்கவில்லை என்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய, மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் நீண்டநேர மின்சார வரம்பை 80 வாட், குறுகியநேர வரம்பை 110 வாட் என்று வையுங்கள். மதர்போர்டைப் பொறுத்து இவை பிஎல்1, பிஎல்2 என்றும் இருக்கும். சூடு இறங்கும் அளவுக்கு வேகம் இறங்காது. வேகத்தின் கடைசிப் பத்து சதவீதத்துக்காக மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதாலும், மின்சாரச் செலவு மின்னழுத்தத்தின் இருமடிப்படி ஏறுவதாலும்தான் மேல்முனையில் வாட் இப்படி எகிறுகிறது.

மூன்றாவது, பக்கக் கதவுச் சோதனை. கேபினெட்டை மூடி வைத்து பத்து நிமிடம் முழுச் சுமை கொடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சுமை, அதே பத்து நிமிடம். 2, 3 டிகிரி மட்டும் இறங்கினால் கேபினெட் குற்றவாளி இல்லை, கூலர்தான் போதவில்லை. 8, 10 டிகிரி இறங்கினால் எவ்வளவு பெரிய கூலர் வாங்கினாலும் அது உள்ளே தேங்கிய சூடான காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தை முதலில் கேபினெட் ஃபேனுக்குப் போடுங்கள்.

98 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த வரிசை ப்ராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு ஆகும் நட்டம் வேகம்தான். இந்த மூன்றும் சரியாக இருந்தும் வேகம் அடிபட்டால், தகடுகள் கோபுரம்போல உயர்ந்து நிற்கும் ஒற்றை ஃபேன் டவர் கூலர் ஒன்று போதும். லிக்விட் வேண்டாம்.

கேள்வி: டவர் கூலர் என்று முடிவு செய்துவிட்டேன். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது? பழைய கணினியில் இருந்த கூலரையே மாற்றிப் பூட்ட முடியுமா?

பதில்: வண்ண விளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். 120 மி.மீ. ஃபேன் ஒன்று, 6 மி.மீ. தடிமனுள்ள ஹீட் பைப் நான்கு. இந்த அமைப்பு நடுத்தர ப்ராசஸர்கள் எல்லாவற்றுக்கும் போதும். இரண்டே பைப் உள்ளவை பெட்டிக் கூலரைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. ஆறு பைப், இரட்டை டவர், இரட்டை ஃபேன் எல்லாம் 150 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்கும் ப்ராசஸருக்குத்தான்.

ஹீட் பைப் திடமான செம்புக் கம்பி அல்ல. காற்று நீக்கிய குழாய்க்குள் கொஞ்சம் நீர் இருக்கும். அடியில் ஆவியாகி, தகடுகளுக்குள் போய்க் குளிர்ந்து, உட்சுவரில் உள்ள திரி போன்ற படலத்தின் வழியே திரும்பி வரும். அதனால் குழாய் நசுங்கியோ மடங்கியோ இருந்தால், கூலர் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் குழாய் கணக்கில் இல்லை. பழைய கூலர் கைமாறி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பணம் கொடுத்த பிறகு தலைவலி கொடுப்பது பெரும்பாலும் அளவுதான். டவர் கூலர்கள் 150 முதல் 160 மி.மீ. உயரம் வரும். உங்கள் கேபினெட்டின் விவரக் குறிப்பில் 'சிபியு கூலர் உயரம்' என்று ஓர் எண் இருக்கும். குறிப்பேடு தொலைந்துவிட்டது என்றால், கேபினெட்டைப் படுக்கவைத்து, கூலரைக் கழற்றிய நிலையில், ப்ராசஸரின் உலோக மூடியிலிருந்து பக்கக் கதவு உட்காரும் விளிம்பு வரை ஸ்கேலை நட்டு அளந்து, 3 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ரேம். ஃபேன் பெரும்பாலும் ரேம் பக்கம்தான் தொங்கும். தகடு ஏதும் இல்லாத சாதாரண ரேம் சுமார் 31 மி.மீ. உயரம், இடிக்காது. அலங்காரத் தகடு போட்ட ரேம் 40 மி.மீ.க்கு மேல் போகும். அப்போது ஃபேனைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பூட்டலாம். ஆனால் ஏற்றிய அளவு கூலரின் மொத்த உயரத்தில் கூடும். அதனால் கதவு மூடாமல் போனவர்கள் உண்டு.

பழைய கூலர் பொருந்துமா என்பது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் வகையைப் பொறுத்தது. இன்டெல்லில் எல்ஜிஏ 1200 வரை துளைகளுக்கு இடையே 75 மி.மீ.; எல்ஜிஏ 1700இல் 78 மி.மீ. ஆகிவிட்டது. ப்ராசஸரின் உயரமும் சற்றுக் குறைந்துவிட்டது. எப்படியாவது வளைத்துப் பூட்டினால் அழுத்தம் போதாது. புதிய பிடிமானச் சட்டம் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கூலர் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். 1700க்கான சட்டம் 1851க்கும் பொருந்தும். ஏஎம்டியில் ஏஎம்4 கூலர்கள் ஏஎம்5இலும் உட்காரும், ஒரு நிபந்தனையோடு: ஏஎம்5 மதர்போர்டின் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, கழற்ற முடியாது. தனக்கென்று வேறு பின்தகடு கேட்கும் கூலர் என்றால் முடியாது.

சிறிய கேபினெட்டில் டவருக்கு இடமே இல்லை என்றால், மேலிருந்து கீழே ஊதும் தட்டையான கூலர் வாங்குங்கள். டவரைவிடத் திறன் குறைவுதான். ஆனால் அது ஊதும் காற்று மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதியையும் குளிர்விக்கும். அங்கே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) வைக்காத மலிவு போர்டுகளுக்கு இது நல்லது.

கேள்வி: தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? ஏஎம்4 கூலரைக் கழற்றியபோது ப்ராசஸரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நண்பர் சொன்னார். அதை எப்படித் தவிர்ப்பது?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறோம். ஏஎம்4இல் ஊசிகள் ப்ராசஸரில் இருக்கின்றன. சாக்கெட் அவற்றைக் கவ்விப் பிடிக்கும், அவ்வளவுதான். மேலே சட்டம் கிடையாது. பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால் கூலரை நேராக இழுக்கும்போது ப்ராசஸரும் கிளம்பி வந்து ஊசி வளையும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் நல்ல சுமை கொடுத்துச் சூடாக்குங்கள், அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள், ஆறுவதற்குள் கொக்கியை விடுவித்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். வழுக்கத் தொடங்கிய பிறகுதான் தூக்க வேண்டும். ஏஎம்5இலும் இன்டெல்லிலும் ப்ராசஸரைச் சட்டம் பிடித்திருப்பதால் இந்த ஆபத்து இல்லை.

பேஸ்ட்டின் அளவு: நடுவில் ஒரு பட்டாணி. எல்ஜிஏ 1700 போல நீள்சதுரமாக இருந்தால் நீளவாக்கில் ஒரு கோடு. விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். கொஞ்சம் கூடினால் ஓரத்தில் பிதுங்கும். சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, துடைத்துவிட்டால் போதும். குறைந்தால்தான் வம்பு. பழையதைத் துடைக்க 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

விலை உயர்ந்த பேஸ்ட்டுக்கும் கூலரோடு வரும் பேஸ்ட்டுக்கும் பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கழற்றினீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், எம்.2 எஸ்எஸ்டியின் ஹீட்சிங்க் பட்டையிலும் அதே மாதிரித் தாள் இருக்கும், அதை மறப்பவர்கள் இன்னும் அதிகம்.

கேள்வி: 120 மி.மீ. ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர் இப்போது டவர் கூலருக்கு நெருங்கிய விலையில் கிடைக்கிறதே?

பதில்: வாங்காதீர்கள். சூடான நீரைக் குளிர்விக்கும் தகட்டுப் பெட்டிதான் ரேடியேட்டர்; காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கும் தகட்டுப் பரப்புதான் கணக்கு. ஒற்றை 120 மி.மீ. ரேடியேட்டரில் அது நல்ல டவரைவிட அதிகம் இல்லை. கூடுதலாக ஒரு பம்ப் இருக்கிறது, அது பழுதாகும். டவரில் ஃபேன் நின்றால் வேறு ஃபேன் மாட்டிவிட்டுப் போகலாம். பம்ப் நின்றால் மொத்தமும் குப்பை. நீர் சூடேறச் சில நிமிடங்கள் எடுப்பதால் முதல் ஐந்து நிமிடச் சோதனையில் லிக்விட் பிரமாதமாகத் தெரியும், அதில் மயங்க வேண்டாம். 240 மி.மீ. முதல்தான் யோசிக்கலாம். அதையும் பூட்டும்போது பம்ப் இருக்கும் இடம் ரேடியேட்டரின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் பம்ப்பில் போய்த் தங்கிக் களகளவென்று சத்தம் வரும்.

கேள்வி: கேபினெட்டில் ஆறு ஃபேன் பூட்ட இடம் இருக்கிறது. எத்தனை பூட்டினால் போதும்? எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே?

பதில்: ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அதை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 1200 ஜூல் வேண்டும். விளையாடும்போது உங்கள் கணினி மொத்தம் 300 வாட் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போனால், வெளியேறும் காற்று அறையைவிட 15 டிகிரி சூடாக இருக்கும். இரண்டு கன மீட்டர் போனால் ஏழரை டிகிரி. மூன்று என்றால் 5. நான்காவது கன மீட்டருக்கு மிச்சமாவது ஒன்றேகால் டிகிரிதான். பெரும்பாலான கணினிகளுக்கு மூன்று ஃபேன் போதும் என்று நாங்கள் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஃபேன் பெட்டியில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) என்று ஓர் எண் இருக்கும். 35ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். அது எதிரில் எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். தூசி வடிகட்டி, வலை, கேபிள் எல்லாம் தாண்டி அதில் பாதி கிடைத்தால் நல்லது.

முன்பக்கம் இரண்டு உள்ளே, பின்பக்கம் ஒன்று வெளியே. முன்பக்க இரண்டில் கீழே உள்ளது கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேராக இருக்கட்டும்; விளையாடும்போது சூட்டில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சப்படாது. திசை தெரியவில்லை என்றால், மோட்டாரைப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். மேல்பக்கம், முன் ஓரத்தில் வெளியே இழுக்கும் ஃபேன் வைப்பவர்கள் இருக்கிறார்கள். முன்னால் இருந்து வந்த புதுக்காற்றை அது கூலரை அடைவதற்கு முன்பே மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். மேலே வைத்தே ஆக வேண்டும் என்றால் பின் ஓரத்தில் வையுங்கள்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி மட்டும் என்றால் எத்தனை ஃபேன் வைத்தும் பயன் குறைவு. இனிமேல்தான் கேபினெட் வாங்கப் போகிறீர்கள் என்றால் முன்பக்கம் வலை உள்ளதை எடுங்கள். இந்த ஒரு முடிவில் மிச்சமாகும் டிகிரியை வேறு எந்த மலிவு உதிரிபாகமும் தராது.

கேள்வி: புது கூலர் நன்றாகக் குளிர்விக்கிறது. ஆனால் பிரவுசர் திறந்தாலே ஃபேன் 'விர்ர்' என்று ஏறி உடனே இறங்குகிறது. எரிச்சலாக இருக்கிறது.

பதில்: ஃபேன் பழுது இல்லை. ஒரு மென்பொருளைத் திறக்கும்போது ப்ராசஸர் சிப்பின் ஒரு மூலை கண நேரத்தில் 10, 15 டிகிரி எகிறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. பயாஸில் ஃபேன் பகுதியில் 'ஸ்டெப் அப் டைம்' அல்லது 'ஸ்மூத்திங்' என்று ஒன்று இருக்கும். 3 முதல் 5 விநாடி வையுங்கள். பிறகு எந்தச் சூட்டுக்கு எவ்வளவு ஃபேன் வேகம் என்று காட்டும் வரைகோட்டைத் தட்டையாக்குங்கள்: 55 டிகிரி வரை 40 சதவீதம், 70இல் 60, 80இல் 80, 88க்கு மேல் முழு வேகம். நான்கு ஊசி ஃபேன்கள் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சில நின்றுவிடும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேபினெட் ஃபேன்களில் மூன்று ஊசி இருந்தால் மதர்போர்டில் அந்த இணைப்பை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் 'டிசி' முறைக்கு மாற்றுங்கள். நான்கு ஊசி ஃபேன்களுக்கான 'பிடபிள்யூஎம்' முறையில் விட்டால் அவை எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். சத்தம் பற்றி வரும் புகார்களில் நிறைய இந்த ஒரு அமைப்பாலேயே தீர்ந்துவிடுகின்றன. ஓர் இணைப்பில் பிரிப்பான் போட்டு இரண்டு மூன்று ஃபேன் மாட்டலாம். பெரும்பாலான இணைப்புகளின் வரம்பு 1 ஆம்பியர், ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கும் ஆம்பியர் எண்களைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். கூட இன்னொன்று வைத்தால் ஏறுவது 3 டெசிபல்தான். வேகமாக ஓடும் ஒன்றைவிட மெதுவாக ஓடும் இரண்டு மேல்.

கேள்வி: ஏஎம்டி ரைசன் 5 7600எக்ஸ் ப்ராசஸர். எந்தக் கூலர் போட்டாலும் முழுச் சுமையில் 95 டிகிரிக்கே போய் நிற்கிறது.

பதில்: அது அப்படி நடக்கவே வடிவமைக்கப்பட்டது. சூடு ஏற இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றி 95இல் நிற்கும். கூலர் பெரிதானால் அதே 95இல் வேகம் கொஞ்சம் கூடும். சூடு குறைய வேண்டும் என்றால் பயாஸில் மின்சார வரம்பைக் குறைக்கும் ஈகோ மோடு 65 வாட் தேர்ந்தெடுங்கள். சாக்கெட் வழியே போகும் உச்ச மின்சாரம் 142 வாட்டிலிருந்து 88க்கு இறங்கும். விளையாட்டுகளில் வித்தியாசம் தெரிவது கடினம். இன்னும் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் 'கர்வ் ஆப்டிமைசர்' பகுதியில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மைனஸ் 15க்குப் போங்கள். குறைத்தது அதிகமாகிவிட்டால் கணினி முழுச் சுமையில் விழாது. சும்மா இருக்கும்போது, பாட்டு ஓடும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் ஒரு மணி நேரச் சுமைச் சோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: பக்கக் கதவைக் கழற்றி வைத்து, எதிரே டேபிள் ஃபேன் போட்டு ஓட்டுகிறேன். குளிராகத்தான் இருக்கிறது. தொடரலாமா?

பதில்: சோதனைக்கு ஒரு நாள் ஓட்டலாம். தினமும் வேண்டாம். வடிகட்டி இல்லாமல் வரும் தூசி கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோலப் படிந்து, இன்று கிடைத்த குளிர்ச்சியைச் சில மாதங்களில் திருப்பி எடுத்துக்கொள்ளும். குழந்தைகளோ பூனையோ உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

தூசி தட்டும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்று அடிக்க வேண்டும். விட்டுவிட்டு அடித்தால் இறக்கை தன் வரம்பைத் தாண்டிச் சுழன்று பேரிங் கெடும். மோட்டார் எதிர்த்திசையில் மின்சாரம் உண்டாக்கி இணைப்புக்கும் அனுப்பலாம். வீட்டு வேக்குவம் கிளீனரின் முனையை போர்டில் உரச விடாதீர்கள், நிலைமின்சாரம் பாயும். முன்பக்க வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் அலசலாம். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.